உதிராத துணி

திரையில் பூஜ்யம் நின்றது.

அவள் உருளையை நிறுத்தி மறுபடி ஓடவிட்டாள். வீட்டில் துணி துவைக்கும் இயந்திரத்தின் தொட்டி மாதிரி, துருப்பிடிக்காத எஃகில் செய்த சோதனை உருளை அது. உள்ளே போட்ட துணி நிமிடத்துக்குப் பத்து முறை மேலேறித் தொப்பென்று விழும். விழும்போது உதிர்கிற தூசியை ஒரு மெல்லிய குழாய் உறிஞ்சிக்கொண்டுபோய் எண்ணிக் காட்டும். எவ்வளவு உசத்தியான துணியானாலும் அறுபது எழுபது காட்டாமல் விடாது. வெறும் உருளையைச் சுற்றினாலே மூன்று நான்கு வரும், ஏனென்றால் உருளைக்கும் தன்னுடைய அழுக்கு என்று கொஞ்சம் உண்டு. இந்தத் துணி உள்ளே போனதும் அந்த மூன்று நான்கும் சேர்ந்து காணாமல் போயிருந்தது.

அதைத்தான் அவள் யோசித்திருக்க வேண்டும். துணி தன்னுடையதை உதிர்க்கவில்லை, சரி. உருளையினுடையது எங்கே போனது? கேள்வி வரத்தான் வந்தது. மூன்றாவது முறையும் பூஜ்யம் விழுந்ததும், வந்த வழியே அது போய்விட்டது.

ஆலையில் எல்லோரும் அவளை நேரில் மேடம் என்பார்கள், முதுகுக்குப் பின்னால் தூசியம்மா என்பார்கள். ஊசி மருந்து நிரப்புகிற சுத்த அறைக்குள் எந்தப் பொருள் போகலாம், எது போகக்கூடாது என்று தீர்மானிப்பது அவள் வேலை. மரம் கூடாது, அட்டைப்பெட்டி கூடாது, பருத்தி கூடாது, பென்சில் கூடவே கூடாது. சாதாரணக் காகிதத்தைக் கிழித்தால் எழும்பும் நார் யார் கண்ணுக்கும் தெரியாது, தூசியம்மா கண்ணுக்கு மட்டும் தெரியும் என்பார்கள். சக்கரத்து ரப்பர் உதிர்கிறது என்று நாற்பது நாற்காலிகளை ஒரே நாளில் திருப்பி அனுப்பியவள். புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் அவள் தவறாமல் சொல்வது ஒன்று உண்டு. "உள்ள இருக்கிறதிலேயே மோசமான சரக்கு மனுஷங்கதான். தோலு, முடி, எச்சில்னு கொட்டிக்கிட்டே இருப்போம். என்ன செய்றது, நம்மள மட்டும் திருப்பி அனுப்ப முடியாது."

திருப்பி அனுப்ப முடியாத அந்தச் சரக்கைச் சுற்றிக் கட்டத்தான் தலை முதல் கால் வரை மூடும் வெள்ளை உடை. அதற்கான துணியைத் தேடித்தான் மூன்று மாதமாக அல்லாடிக்கொண்டிருந்தாள்.

"இதுவும் வேணாம்னு சொல்லிடாதீங்க," என்றார் மேலாளர், கதவில் சாய்ந்தபடி. அடுத்த மாதம் புதுக் கூடம் திறக்கிறது. உடை இல்லாமல் கூடம் திறந்தால் அவர் தலைதான் உருளும். "ஏற்கெனவே ரெண்டு கம்பெனி நம்மகூடப் பேசறதையே விட்டுட்டாங்க."

"பூஜ்யம் காட்டுது சார்."

"பூஜ்யமா? அப்புறம் என்ன யோசனை?"

"யோசனை ஒண்ணுமில்ல சார். மூணு வாரம் நானே போட்டுப் பாக்கிறேன். அப்புறம் கையெழுத்துப் போடறேன்."

மாதிரியாகத் தைத்து வந்திருந்தது ஒரே ஓர் உடைதான், அதுவும் அவள் அளவுக்குக் கச்சிதமாக. கையில் எடுத்தால் குளுமையாக இருந்தது. எந்தத் துணியை உதறினாலும் ஒரு சத்தம் வரும், இதை உதறினால் எதுவுமே கேட்கவில்லை. சோதனைப் படிவத்தில் இரண்டு கட்டங்கள் உண்டு: அணிவதற்கு முன் எடை, அணிந்த பின் எடை. முதல் நாள் தராசில் வைத்து நானூற்றுப் பன்னிரண்டு கிராம் என்று எழுதினாள். அன்று மாலை இரண்டாவது கட்டத்திலும் நிறுக்காமலே நானூற்றுப் பன்னிரண்டு என்று எழுதினாள். எதுவும் உதிராத துணியின் எடை எப்படிக் குறையும்? குறையுமா என்று பார்க்கத்தான் அந்தக் கட்டம் என்று பதினோரு வருடமாக அவள் நினைத்திருந்தாள். கூடுமா என்று யாரும் கேட்டதில்லை.

வீட்டில் அவளுக்கு ஆறு வயதில் ஒரு மகள். குட்டி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். குட்டிக்கு ஒரு பழக்கம். தூங்கப் போகுமுன் அம்மாவின் கழுத்தில் மூக்கைப் புதைத்து, நாய்க்குட்டிபோல இரண்டு மூன்று தடவை மோந்து பார்ப்பாள். அவள் குட்டியின் முதுகைத் தட்டிக்கொடுப்பாள், இரண்டு தட்டு, ஒரு நிறுத்தம், இரண்டு தட்டு, ஒரு நிறுத்தம். கைக்குழந்தையாக இருந்த நாளிலிருந்து இதே கணக்குதான். இந்த இரண்டில் எது குறைந்தாலும் குட்டிக்குத் தூக்கம் வராது. பகலெல்லாம் தூசியோடு மல்லுக்கட்டிவிட்டு வருகிறவளுக்கு அந்த ஐந்து நிமிடம்தான் நாள் முழுவதற்கும் சேர்த்த கூலி. அதை வாய்விட்டு யாரிடமும் சொன்னதில்லை.

முதல் வாரம் எல்லாம் நல்லபடியாகவே போயிற்று. சாதாரணமாக ஓர் ஆள் சுத்த அறைக்குள் நுழைந்தால் சுவரிலிருக்கும் எண் துள்ளும். அவள் நுழைந்தபோது அது அசையவில்லை. அவள் கையை ஆட்டிப் பார்த்தாள், குதித்துப் பார்த்தாள், ஊஹூம். அறைக்குள் யாருமில்லை என்றே அந்த இயந்திரம் சொல்லிக்கொண்டிருந்தது. கண்ணாடிக்கு வெளியிலிருந்து மேலாளர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

இரண்டாவது வாரம் சீப்பில் முடி வரவில்லை. குட்டி பிறந்த பிறகு கொத்துக் கொத்தாகக் கொட்டிய முடி. அதற்காக அவள் தடவாத எண்ணெய் இல்லை. இப்போது ஓர் இழைகூட இல்லை. நல்ல காலம் என்று நினைத்தாள். அந்த வாரமே வாசல் காவலாளியின் மேசையிலிருந்த வருகைப் பதிவு இயந்திரம் அவள் விரலை ஏற்க மறுத்தது. துடைத்துவிட்டு வைத்தாள், வேறு விரலை வைத்தாள்.

"பாத்திரம் தேய்ச்சுத் தேய்ச்சு ரேகையெல்லாம் அழிஞ்சிருச்சு போல மேடம்," என்று சிரித்தார் காவலாளி. "விடுங்க, நான் நோட்டுல எழுதிக்கிறேன்."

அவளும் சிரித்தாள். கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு போனவள் ஏதோ தோன்றித் திரும்பிப் பார்த்தாள். எல்லோருடைய கையும் பட்டுப் பட்டு மங்கிக் கிடந்த கண்ணாடியில், அவள் கை வைத்த இடம் வைக்காததுபோலவே இருந்தது.

உடை மாற்றும் அறையைப் பார்த்துக்கொள்ளும் அக்கா ஒரு நாள் அவளைத் தனியாகக் கூப்பிட்டாள். எல்லோருடைய உடைகளையும் துவைத்துக் காயவைத்துக் கொக்கியில் மாட்டுவது அந்த அக்காதான்.

"உங்களுது மட்டும் மடங்க மாட்டேங்குது மேடம். மத்ததெல்லாம் தொங்குது. உங்களுது நிக்குது."

"புதுத் துணி அப்படித்தான் அக்கா இருக்கும்."

"துவைச்ச தண்ணியும் ஊத்தின மாதிரியே தெளிவா வருது. கனம் வேற." அக்கா மேற்கொண்டு ஏதோ சொல்ல வந்து, கையைத் தன் மேல்சட்டையில் துடைத்துக்கொண்டாள். "நாளைக்கு நீங்களே எடுத்து மாட்டிக்கோங்க. நான் அதைத் தொடல."

அன்று வீட்டில் குட்டி கழுத்தில் மூக்கை வைத்தாள். மோந்தாள். இன்னொரு தடவை மோந்தாள். தலையைத் தூக்கி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

"அம்மா, உன் வாசனை எங்க?"

"இப்பதான் குளிச்சேன்டா."

"குளிச்சாலும் இருக்குமே."

குட்டி எழுந்துபோய் அழுக்குக் கூடையிலிருந்த அம்மாவின் நைட்டியை எடுத்துவந்தாள். அதையும் மோந்துவிட்டுத் தரையில் போட்டாள். பிறகு கட்டிலின் ஓரத்துக்குப் போய், சுவரைப் பார்த்துச் சுருண்டுகொண்டாள். அவள் குட்டியின் முதுகைத் தட்டினாள். குட்டி தோளைக் குலுக்கிக் கையைத் தள்ளிவிட்டாள். பிள்ளை ஒதுக்கினால் தாய்க்கு நெஞ்சு அடைக்கும். அவள் நெஞ்சு அடைப்பதற்காகக் காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. பல் டாக்டர் மரத்துப்போக ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டுப் பார்த்தால் வேறு யாருடைய கன்னத்தையோ தொடுவதுபோல இருக்குமே, அப்படித்தான் இருந்தது.

அதற்குப் பிறகு நாட்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாற்போலப் போயின. தலையில் வைத்த எண்ணெய் உள்ளே இறங்காமல் சொட்டாக வழிந்து தரையில் விழுந்தது. வெங்காயம் அரிந்தாள், கண் கரிக்கவில்லை. கத்தி விரலில் இறங்கியது. உறையின் வாயைப் பிரித்தமாதிரி ஒரு கோடு விழுந்தது, ரத்தம் வரவில்லை, வலியும் இல்லை. அவள் அதை அழுத்தி மூடிவிட்டு மிச்சத்தையும் அரிந்து முடித்தாள். சாப்பாட்டில் உப்பு கூடியிருக்கிறது என்று வீட்டுக்காரர் சொன்னார். அப்படியா என்றாள். குட்டி நான்கு நாளாகச் சரியாகத் தூங்கவில்லை. அழுது அழுது முகம் வீங்கி, பள்ளிக்கூடத்தில் மேசைமேல் தலை சாய்ந்துவிடுகிறாள் என்று ஆசிரியை சொல்லி அனுப்பியிருந்தார்.

"உனக்கு என்னதான் ஆச்சு?" என்று வீட்டுக்காரர் கேட்டார். அவர் கோபக்காரர் அல்ல, குரல் மட்டும் களைத்திருந்தது. "பிள்ளை அம்மா வேணும்னு அழுவுது. நீ பக்கத்துலயே உக்காந்திருக்க. அம்மா இங்கதானே இருக்கான்னு சொன்னா, இது அம்மா இல்லைங்குது."

அவளுக்குப் பயம் வந்தது அப்போதுதான். வந்தது என்றுகூடச் சொல்ல முடியாது. பயப்பட வேண்டிய இடம் இது என்று தெரிந்தது, அவ்வளவுதான்.

மூன்றாவது வாரக் கடைசி, சனிக்கிழமை. அரை நாள் வேலை. எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். காற்றை வடிகட்டும் இயந்திரங்களின் ஒரே சீரான இரைச்சல் மட்டும் கூரையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. சன்னல் இல்லாத அந்தச் சோதனை அறையில் வெளியே உச்சி வெயில் அடிக்கிறது என்பதற்கு எந்த அடையாளமும் இல்லை. இரவும் பகலும் அங்கே ஒரே வெளிச்சம், மேசைக்கடியில்கூட நிழல் விழாத வெள்ளை வெளிச்சம். கொக்கியிலிருந்து உடையை அவளே எடுத்துவந்தாள். இரண்டு கையாலும் தூக்க வேண்டியிருந்தது. தராசில் வைத்தாள்.

மூன்று கிலோ அறுநூறு.

நானூற்றுப் பன்னிரண்டு கிராம் துணி. அதைக் கழித்தால் மிச்சம் மூன்று கிலோ நூற்று எண்பத்தெட்டு. குட்டி பிறந்தபோது இருந்த எடை அதுதான். அந்த எண்ணைக் கண்டதும் முழங்கையிலும் மார்பிலும் அந்தப் பழைய கனம் எங்கே ஏறும் என்பது அவள் நினைவில் வந்தது, உடம்பில் வரவில்லை. பிறகு அவள் நாற்காலியில் உட்கார்ந்து, மூன்று வாரப் படிவங்களையும் புரட்டினாள். நானூற்றுப் பன்னிரண்டு. நானூற்றுப் பன்னிரண்டு. நானூற்றுப் பன்னிரண்டு. எல்லாம் அவள் கையெழுத்து.

துணி எதையும் தடுத்து நிறுத்தவில்லை. வாங்கிக்கொண்டிருக்கிறது. உருளையின் அந்த மூன்று நான்கையும் முதல் நாளே வாங்கிக்கொண்டதுபோல.

நிராகரிப்பு முத்திரையை எடுத்துக் கடைசிப் படிவத்தில் குத்தினாள். நிராகரித்தாலும் முறைப்படி இன்னும் ஒரே ஒரு வேலை பாக்கி, இறுதிச் சோதனை. உடையை உருளைக்குள் திணித்து, மூடியை இறுக்கி, விசையைத் தட்டினாள்.

உருளை சுற்றியது. எண் பூஜ்யத்திலிருந்து கிளம்பியது. நூறு. ஆயிரம். நாற்பதாயிரம். இந்த எண்ணிக்கை அவளுக்கு நன்றாகத் தெரிந்ததுதான். ஓர் ஆள், உடை எதுவும் போர்த்தாமல், சும்மா நிற்கும்போது உதிர்கிற கணக்கு அது.

துணி விழும் சத்தம் கேட்டது. ஒரு சுற்றுக்கு ஒரு முறைதான் கேட்க வேண்டும்.

தட் தட்.

நிறுத்தம்.

தட் தட்.

நிறுத்தம்.

அவள் விசையை அணைத்தாள். உருளை மெல்ல நின்றது. எண் நின்றது. கூரையின் இரைச்சல் மட்டும்.

தட் தட்.

உள்ளேயிருந்து. மூடியின்மேல். மெதுவாக, பிள்ளையை எழுப்பிவிடாத அளவுக்கு மெதுவாக.

அவள் நின்றாள். கால் ஓடச் சொல்லவில்லை. தொண்டை கத்தச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவை எல்லாம் அந்த மூடிக்கு அந்தப் பக்கம் இருந்தன. கை மட்டும் போய் மூடியைத் திறந்தது.

வாசனை வந்தது. முதலில் தலை எண்ணெய், அதன் பின்னால் வியர்வை, வெங்காயம், துணி சோப்பு, எப்போதோ நின்றுபோன தாய்ப்பாலின் புளிப்பு, கழுத்தில் காதுக்குக் கீழே மட்டும் இருக்கும் பெயர் தெரியாத ஒரு கதகதப்பு. அந்த வாசனைதான் அவள்.

நிராகரித்த மாதிரிகளை எரித்துவிட வேண்டும். அதுதான் விதி, அந்த விதியை எழுதியதும் அவள்தான். பின்கட்டில் எரிஉலை இருந்தது, சாவி அவள் பையில் இருந்தது. சாவியைக் கையில் எடுத்தாள். இதை எரித்தால் என்ன மிஞ்சும்? உதிர எதுவும் இல்லாத ஓர் உருவம், குட்டியின் கட்டிலருகே உட்கார்ந்துகொண்டு, வாழ்நாள் முழுக்க. குட்டி தூங்க வேண்டும். அவளிடம் மிச்சமிருந்த எண்ணம் அது ஒன்றுதான், அதுவும் ஓரங்களில் மங்கத் தொடங்கியிருந்தது. அது போய்விடுவதற்குள் செய்ய வேண்டும். உடையைப் பெரிய பிளாஸ்டிக் பையில் போட்டுத் தோளில் சாய்த்துக்கொண்டாள். வாசலில் காவலாளி அவளைத் தாண்டித் தெருவைப் பார்த்தார். பேருந்தில் ஒருவர் அவள் மடியில் உட்காரப் போய், கடைசி நொடியில் திடுக்கிட்டு, "அம்மாடி, ஆளிருக்கறதே தெரியல," என்று விலகினார்.

வீட்டில் குட்டி கட்டிலில் குப்புறக் கிடந்து விக்கிக்கொண்டிருந்தாள். மதிய வெயில் திரைச்சீலை வழியாக மஞ்சளாகத் தரையில் விழுந்திருந்தது. அந்த வெளிச்சக் கோட்டில் வீட்டுத் தூசி மிதந்துகொண்டிருந்தது. அவள் குறுக்கே நடந்தாள். தூசி அசையவில்லை.

பையைத் திறந்து உடையைக் குட்டியின் பக்கத்தில் கிடத்தினாள். விக்கல் நின்றது. குட்டி தலையைத் தூக்காமலே கையை நீட்டித் தேடி, துணியைப் பற்றி இழுத்து, அதன் கழுத்தில் மூக்கைப் புதைத்தாள். ஒரு தடவை மோந்தாள். இரண்டு தடவை.

"அம்மா, வந்துட்டியா," என்றாள். ஐந்து நாள் அழுகையும் அந்த ஒரு மூச்சில் இறங்கிப்போனது.

சரியாகத்தான் செய்தோம் என்று அவள் நினைத்தாள். வேலை முடிந்தது. இனி குட்டி தூங்குவாள். அவள் பின்வாங்கிக் கதவு நிலையருகே வந்து நின்றாள். சமையலறையிலிருந்து வீட்டுக்காரரின் குரல் வந்தது. "வந்துட்டியாம்மா? தூங்கிட்டாளா?"

அவள் வாயைத் திறந்தாள். மூச்சும் வரவில்லை.

கட்டிலில் உடை மெல்ல நிறைந்தது. தோள். இடுப்பு. முழங்கால் மடிந்து குட்டியின் காலைச் சுற்றிக்கொண்டது. வெள்ளைக் கைப்பகுதி எழுந்தது, தயங்கியது, குட்டியின் முதுகில் இறங்கியது.

தட் தட்.

நிறுத்தம்.

தட் தட்.

குட்டி பாதித் தூக்கத்தில் கண்ணைத் திறந்தாள். நேராக அவளைப் பார்த்தாள். அம்மாவைப் பார்க்கும் பார்வை இல்லை அது. உடையின் கழுத்தை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, கதவுகிட்ட யாரோ நிக்கிறாங்க."

தலையை மூடியிருந்த வெள்ளைத் துணி அவள் பக்கம் திரும்பியது. தட்டுகிற கை நிற்கவில்லை.

"யாருமில்லடா," என்றது கட்டிலிலிருந்து அவளுடைய குரல். "நீ தூங்கு."